கடிகாரம் போனால் போகட்டும், போர்டு பிழைக்கட்டும்

பழைய கம்ப்யூட்டர் – கேள்வி பதில்

எங்கள் அண்ணாவின் பழைய கம்ப்யூட்டர் அமிகா 500-ஐ லாஃப்டிலிருந்து இறக்கினோம். படம் வருகிறது, கேமும் ஓடுகிறது. ஆனால் தேதி, நேரம் நிற்பதில்லை. அடியில் உள்ள சின்ன மூடியைத் திறந்தால் ஒரு தகரப் பெட்டி. அதன் ஓரத்தில் பச்சையாகப் பூத்திருக்கிறது. உள்ளே பேட்டரி இருக்கும் என்கிறான் மகன். எந்த பேட்டரி வாங்குவது? பேக்கிங் சோடா கரைத்துத் துடைத்தால் போதும் என்கிறார் கணவர்.
– ஒரு வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்

வாங்குவதை அப்புறம் பார்ப்போம். முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தத் தகரப் பெட்டியை வெளியே இழுத்துவிடுங்கள். உங்கள் கடிதம் வந்து, நான் எழுதி, அச்சாகி உங்கள் கைக்கு வருவதற்குள் அது இன்னும் கொஞ்சம் தின்றிருக்கும்.

அதன் பெயர் ஏ501. கமடோர் நிறுவனம் 1987-ல் அமிகா 500-ஐக் கொண்டுவந்தபோது உள்ளே இருந்தது 512 கிலோபைட் மெமரிதான். இன்னொரு 512-ஐயும் கடிகாரத்தையும் சேர்த்துத் தனி அட்டையாக விற்றார்கள். அதைக் கழற்றினாலும் மெஷின் ஓடும். ஒரு மெகாபைட் கேட்கிற கேம்கள் மட்டும் ஓடாது. மகனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

அட்டையில் இருப்பது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. மூன்று பொத்தான் செல்களை அடுக்கி உறை போட்டது, சார்ஜ் ஏறக்கூடியது. மெஷின் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் ஏறும். லாஃப்டில் முப்பது வருஷம் கிடந்தால் முழுக்க வற்றி, சீல் விட்டுப்போய், உள்ளே இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வெளியே வரும். அது சொட்டி நின்றுவிடாது. போர்டில் மின்சாரம் ஓடும் செம்புக் கோட்டை, அதாவது டிராக்கைப் பிடித்துக்கொண்டு பச்சைப் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போகும். அட்டையின் கனெக்டருக்குள் இறங்கினால் அடுத்தது மெஷினின் தாய்ப்பலகை (மதர்போர்டு). அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

கணவர் சொன்ன பேக்கிங் சோடா கார் பேட்டரிக்குச் சரி. அங்கே கசிவது அமிலம், இங்கே கசிவது காரம். காரத்தின் மேல் சோடா போட்டு ஒரு பயனும் இல்லை. வினிகர் வேண்டும், அதுவும் வெள்ளை வினிகர். உங்கள் ஊரில் சிப்ஸின் மேல் ஊற்றும் பழுப்பு மால்ட் வினிகரை எடுத்துவிடாதீர்கள், பிசுபிசுப்பு நிற்கும்.

தகர உறையை அங்கங்கே சால்டர் வைத்துப் பிடித்திருப்பார்கள். அதை விடுவித்ததும் பேட்டரி தெரியும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். போர்டில் எது பிளஸ், எது மைனஸ் என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டு, பேட்டரியின் கால்களைச் சின்ன கட்டரால் நறுக்குங்கள். ஆட்டிப் பிடுங்க வேண்டாம். அரித்துப்போன இடத்தில் பேட்டரியோடு செம்பும் கழன்று வரும். போர்டில் மிஞ்சிய துண்டுகளை அப்புறம் சால்டரிங் அயர்ன் வைத்து எடுக்கலாம். அரித்த மூட்டில் பழைய ஈயம் சுலபத்தில் உருகாது. கொஞ்சம் ஃபிளக்ஸும் (ஈயம் ஒட்ட உதவும் பசை) புது ஈயமும் வைத்தால் இளகும்.

பழைய டூத் பிரஷ்ஷை வினிகரில் தொட்டுத் தேயுங்கள், லேசாக நுரைக்கும். பிறகு தண்ணீர், அதன் பிறகு ஐசோபுரொபைல் ஆல்கஹால், ஒரு நாள் காயவிடுங்கள். வினிகரும் அமிலம்தான், அதைப் போர்டிலேயே விட்டுவைத்தால் அது வேறு அரிக்கும். காய்ந்ததும் கறுத்த டிராக்குகளை மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்; பீப் வராவிட்டால் அந்த டிராக் அறுந்திருக்கிறது. பேட்டரி பக்கத்து டிராக்குகளையும் கடிகாரச் சிப்பின் கால்களையும் விட்டுவிடாதீர்கள். கழற்றிய பேட்டரியில் காட்மியம் இருக்கிறது. குப்பைத் தொட்டிக்கு வேண்டாம், சூப்பர்மார்க்கெட்டில் பழைய பேட்டரி போட வைத்திருக்கும் பெட்டியில் போடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். புதிதாக ஒன்றும் போடாமலே விடலாம். அட்டையின் மெமரி வேலை செய்யும், கடிகாரம் மட்டும் இருக்காது. வீட்டில் கேம் மட்டும்தான் ஆடுவார்கள் என்றால் என் ஓட்டு இதற்கே. லண்டனில் சர்வீஸ் வேலை பார்த்த காலத்தில், டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு முழுக்க எலெக்ட்ரானிக்ஸ் கடைகளாக இருந்தபோது, அமிகாவின் கடிகாரத்தைப் பார்த்து மணி சொன்ன ஒருவரையும் நான் கண்டதில்லை.

கடிகாரம் வேண்டும் என்று மகன் அடம்பிடித்தால், சிஆர்2032 நாணய பேட்டரி. ஆனால் அப்படியே பழைய இடத்தில் வைத்துவிடக் கூடாது. அது சார்ஜ் ஏற்றக்கூடாத லித்தியம் செல். போர்டோ சார்ஜ் ஏற்றப் பார்க்கும். வீங்கும், வெடிக்கவும் கூடும். ஒரு ஹோல்டரும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1என்4148 டையோடு ஒன்றும் வாங்குங்கள், சில்லறைக் காசுதான். ஹோல்டரின் பிளஸ்ஸிலிருந்து டையோடு வழியாகப் போர்டின் பிளஸ்ஸுக்கு. டையோடில் கோடு போட்ட முனை போர்டைப் பார்க்க வேண்டும். டையோடு கொஞ்சம் வோல்டேஜைச் சாப்பிட்டாலும் பரவாயில்லை, அட்டையில் உள்ள ஓக்கி நிறுவனத்தின் கடிகாரச் சிப்புக்கு 2 வோல்ட் வந்தாலே நேரத்தைப் பிடித்துக்கொள்ளும். செல்லைப் போடுமுன் மெஷினை ஆன் செய்து காலி ஹோல்டரில் மீட்டர் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்ஜியம் காட்டினால் சரி. சில வோல்ட் காட்டினால் டையோடு திரும்பியிருக்கிறது. ஹோல்டரை வயரில் கட்டி அட்டையிலிருந்து தள்ளி ஒட்டுங்கள். செல்லின் மேலேயே சால்டர் வைக்காதீர்கள்.

கடைசியில் நேரத்தை வைக்க வேண்டும். அமிகாவின் திரைமென்பொருள் வொர்க்பெஞ்ச் 1.3 என்றால், கட்டளை தட்டும் ஷெல் சாளரத்தைத் திறந்து 'டேட்' கட்டளை: நாள், மாதத்தின் முதல் மூன்று ஆங்கில எழுத்து, ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், இடையில் சிறு கோடு. ஒரு இடைவெளி விட்டு மணியும் நிமிடமும். பிறகு 'செட்கிளாக் சேவ்'. கடைசியில் சொன்னதை விட்டால் சிப்புக்கு நேரம் போய்ச் சேராது.

என்னிடம் அமிகா 500 பிளஸ், அமிகா 1200 இரண்டும் உள்ளன. இவற்றிலும் பேட்டரி உண்டா?
– ஒரு வாசகர், பாரிஸ்

500 பிளஸ்ஸில் உண்டு. அதுதான் மோசமான கேஸ். 1991-ல் வந்த அந்த மாடலில் பேட்டரியைத் தாய்ப்பலகையிலேயே பற்றவைத்துவிட்டார்கள். கசிந்தால் தின்பதற்குத் தனி அட்டை கிடையாது, மெஷினையே தின்னும். ஏ501-ஐ உருவுவதுபோல உருவவும் முடியாது, முழுதாகத் திறந்தாக வேண்டும். 'நன்றாகத்தானே ஓடுகிறது' என்று விடாதீர்கள். 1200-ன் பலகையில் கடிகார பேட்டரியே இல்லை. அதில் கசிவது மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் சின்ன பாகமான கெப்பாசிட்டர். அது இன்னொரு இதழுக்கு.

எண்பதுகளில் எங்கள் பள்ளியில் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் ஒன்று இப்போது கைக்கு வரும்போல் இருக்கிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா?
– ஒரு வாசகர், கோவை

இந்தியப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் சொல்லித்தர 1984-ல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் வந்ததாக இருக்கும். பிபிசி மைக்ரோ மாடல் பி-யில் கடிகார பேட்டரி கிடையாது, நிம்மதியாக வாங்குங்கள். அதன் பேசிக் நிரல்மொழியில் 'டைம்' என்று ஒன்று வரும், நினைவிருக்கும். ஆன் செய்த நேரத்திலிருந்து நொடியில் நூறில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டே போகும், அணைத்தால் மறந்துவிடும். பேட்டரி போட்ட கடிகாரம் 1986-ல் வந்த பிபிசி மாஸ்டரில்தான்.

மேக்கின்டாஷ் கிளாசிக் வைத்திருக்கிறேன். ஆன் செய்தால் 1904 என்று காட்டுகிறது. பரவாயில்லையா?
– ஒரு வாசகர், டொரன்டோ

1904 காட்டுவது பரவாயில்லை. அந்த மேக்குகள் நாளை எண்ணத் தொடங்குவதே 1904 ஜனவரி 1-லிருந்துதான். செத்த பேட்டரி உள்ளே கிடப்பதுதான் பரவாயில்லை என்று சொல்ல முடியாதது. அது 3.6 வோல்ட் லித்தியம், பென்சில் செல்லில் பாதி உயரம். வெடித்து, போர்டைத் துருவாக்கிய மேக்குகளைப் பார்த்திருக்கிறேன். ஹோல்டரில்தான் இருக்கும், கழற்ற சால்டர் தேவையில்லை. ஆனால் பெட்டியைத் திறக்க நீளமான டி15 டார்க்ஸ் (நட்சத்திர முனை) ஸ்க்ரூடிரைவர் வேண்டும். உள்ளே பிக்சர் டியூப் இருக்கிறது, அணைத்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கி நிற்கலாம். டிவி திறந்து பழக்கமில்லாதவர் தொடக் கூடாது, பழகியவரை அழைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி இல்லாமலும் கிளாசிக் பூட் ஆகும். தினமும் ஓட்டப்போவதில்லை என்றால் புதியது எதுவும் போடாதீர்கள்.