கராத்தேயா ஜூடோவா? காட்பாடித் தம்பிக்கு

ஜெர்மனியில ஸ்டுட்கார்ட் வந்து ரெண்டு மாசம் ஆச்சு, கராத்தே, ஜூடோ, இல்ல கிராவ் மகாங்கற இஸ்ரேல் தற்காப்பு முறை, எதுல சேரலாம்? தற்காப்பும் வேணும், தொப்பையும் குறையணும், நாலு பேர் பழக்கமும் ஆகணும்னு கேட்டிருக்கீங்க. காட்பாடின்னு பார்த்ததும் எழுத உட்கார்ந்துட்டேன். நான் குடியாத்தம்.

தொப்பைக்கு எதுல சேர்ந்தாலும் சரிதான், ராத்திரி பத்து மணிக்கு பிரியாணி கிண்டாம இருந்தா. முதல்ல கையெழுத்து விஷயத்துக்கு வாங்க.

2009 ஜனவரியில நான் வந்து இறங்கின மூணாவது வாரமே ஒரு கிக்பாக்சிங் ஸ்டூடியோவுல போய் நின்னேன். ஜெர்மன்ல நாலு பக்கம் நீட்டினாங்க, போட்டேன் கையெழுத்து. ரெண்டு வருஷ ஒப்பந்தம்! முடியறதுக்கு மூணு மாசம் முன்னாடியே எழுதிக் குடுக்கணுமாம். விட்டுட்டேன், இன்னொரு வருஷம் தானா நீண்டுடுச்சு. போகாத இடத்துக்கு மூணு வருஷம் மாசம் 55 யூரோ அழுதேன். 2022 மார்ச்சுக்கு அப்புறம் போடற ஒப்பந்தத்துல அந்தத் தொல்லை இல்ல, முதல் கெடு முடிஞ்சா ஒரு மாச நோட்டீஸ்ல வெளிய வரலாம். ஆனா அந்த முதல் கெடுவே இன்னைக்கும் ரெண்டு வருஷம் வரைக்கும் இருக்கலாம். அதனால 'ப்ரோபெட்ரெய்னிங்' கேளுங்க, ஒரு நாள் சும்மா ஆடிப் பார்க்க விடுவாங்க. ஸ்டூடியோவை விட 'ஃபெராயின்'ங்கற ஊர்ச் சங்கம் எவ்வளவோ மலிவு.

ஏன் போகலைன்னு கேட்பீங்க. பிப்ரவரியில டிராம் நிறுத்தத்துல கண்ணுக்கே தெரியாத ஐஸ்ல கால் வழுக்கிச்சு. நம்ம வெயிலூர்ல பனிக்கட்டிய சர்பத் கடையில மட்டும்தானே பார்த்திருக்கோம்? கையை ஊன்றினேன், மணிக்கட்டு போச்சு. வேலையில தகுதிகாண் ஆறு மாசத்துல ரெண்டு வார நோட்டீஸ்ல வீட்டுக்கு அனுப்பிடலாம் இங்க. மாவுக்கட்டோட ஆபீஸ் போன அந்த ஆறு வாரம் நான் தூங்கலை.

திருடன் உங்களை அடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடி ஐஸ் அடிச்சிடும். அதான் ஜூடோங்கறேன். 1882-ல ஜப்பான்காரர் ஜிகோரோ கானோ தொடங்கினது. முதல் பாடமே விழறதுதான். தாடையை நெஞ்சுல ஒட்டி, முதுகை உருட்டி, உள்ளங்கையை ஊன்றாம முழுக்கையால தரையைத் தட்டணும். ஜூடோவுக்குப் போடற சட்டை இருக்கே, எங்கப்பா தறியில நெய்த லுங்கி நாலை ஒண்ணா மடிச்ச மாதிரி தடிப்பு. அதைப் பிடிச்சு இழுத்தே விரல் காய்ச்சிடும். ஜோடி இல்லாம ஆட முடியாது, அதனால பழக்கமும் தானா வரும். பன்னெண்டு வருஷமா இருந்தும் நம்மாளுங்க பத்து பேரைத் தவிர யாரையும் தெரியாதவங்க இங்க நிறைய. நான் இப்ப பிரவுன் பெல்ட், கறுப்புக்கு ஒரு படி கீழ. இந்தப் பக்கத்து வட்டார வழக்கான சுவேபிய ஜெர்மன்லயே பசங்களை அதட்டுறேன்.

வேர்வையோட ஒருத்தன் மேல விழுறது ஒத்துக்காதுன்னா கராத்தே போங்க, 'கதா'ங்கற அடி, தடுப்பு வரிசையைத் தனியா வீட்லயே ஆடலாம். கிராவ் மகாவுக்கு நல்ல வாத்தியார் கிடைச்சா சரி. 'ஆறு வாரத்துல வீரன்'னு சொல்றவன்கிட்ட மட்டும் போகாதீங்க.

போன வைகாசி சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனேன். சின்ன வயசுல எனக்கு ஆறு மாசம் கம்பே குடுக்காம காலடி மட்டும் போடவெச்ச சிலம்ப வாத்தியாரைப் பார்த்தேன். "ஜெர்மனியில இன்னா கத்துக்கினே?"ன்னார். "விழறதுக்கு"ன்னேன்.

"அதுக்கு ஏரோப்ளேன் ஏறிப் போவணுமாடா?"