ஒரே பிரஷர், ஆளுக்கொரு மாத்திரை ஏன்?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். பிரஷர் 160/100 இருந்ததால் ஓ.பி.யில் அம்லோடிபின் 5 மி.கி. எழுதினார்கள், பிறகு 10 ஆக்கினார்கள். இப்போது சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. அதே பிரஷர் உள்ள என் அண்ணனுக்கு டெல்மிசார்டன் தருகிறார்கள். இவருக்கும் அதையே வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, பாம்பன்

பதில்: நீங்களாக மாற்ற வேண்டாம். அம்லோடிபினை நிறுத்தவும் வேண்டாம்.

அம்லோடிபின் சிறு ரத்தக்குழாய்களை விரிக்கிறது. அப்படி விரிந்த குழாயிலிருந்து நீர் கசிந்து காலில் இறங்குவதுதான் இந்த வீக்கம். 5 மி.கி.யைவிட 10-இல் அதிகம் வரும். இரண்டு காலிலும் சமமாக வீங்கி, இரவு படுத்து எழுந்தால் வடியும். நீர் பிரியும் மாத்திரை போட்டாலும் இந்த வீக்கம் சரியாக வற்றாது. காரணம் உப்போ நீரோ அல்ல, குழாய் விரிந்ததுதான். ஆனால் ஒரு காலில் மட்டும் வலியோடு வீங்கினாலோ, படுத்தால் மூச்சுத் திணறினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் முகம் உப்பினாலும், சிறுநீர் நுரைத்தாலும் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

அடுத்த ஓ.பி.யில் வீக்கத்தைச் சொல்லி, ‘10-ஐ 5 ஆக்கி டெல்மிசார்டன் 40 சேர்க்கலாமா’ என்று கேளுங்கள். ஒரே மாத்திரையை இரட்டிப்பாக்கினால் பிரஷர் கூடுதலாக இறங்குவது கொஞ்சம்தான். இரண்டு வகையைக் குறைந்த அளவில் சேர்த்தால் நன்றாக இறங்கும், வீக்கமும் குறையும். டெல்மிசார்டன் தொடங்குமுன் ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியம் பார்த்து, இரண்டு முதல் நான்கு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அம்லோடிபினை ரத்தப் பரிசோதனை இல்லாமலே தொடங்கலாம், நாளுக்கு ஒரு வேளை போதும் என்பதால்தான் ஓ.பி.யில் பலருக்கும் முதலில் அதை எழுதுகிறார்கள். உங்கள் அண்ணனுக்குச் சர்க்கரையோ சிறுநீரில் புரதமோ இருக்கலாம். அப்படியானவர்களுக்கு டெல்மிசார்டன் முதல் தேர்வு.

கடலுக்குப் போகிறவருக்கு அம்லோடிபின் பொருத்தமான மருந்து. உடம்பில் நீண்ட நேரம் நிற்பதால், படகில் ஒரு நாள் தவறினாலும் பிரஷர் சட்டென்று ஏறாது. மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை எழுதினால் அவர் தொழிலைச் சொல்லிவிடுங்கள்: வெயிலில் வியர்த்துக்கொண்டே போட்டால் சோடியம், பொட்டாசியம் இறங்கி, கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், தலை சுற்றும். படகில் தலை சுற்றுவது உயிருக்கே ஆபத்து.

கருவாட்டில் உப்பு மிக அதிகம். ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராம்தான், ஒரு தேக்கரண்டி. கருவாட்டைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தாலும் தினமும் வேண்டாம்.

வலை இழுத்த முதுகு வலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறாரா என்று பாருங்கள். அது பிரஷரை ஏற்றும். அதோடு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்தையே பாதிக்கும். ஓ.பி.க்குப் போகும்போது அந்த வலி மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.