வாங்கும் முன்: மோன் பிளாங் சுற்றுக்குக் கிளம்புகிறவர்களின் கடிதங்கள்

கோடைத் திட்டம் போடும் காலம். இந்தத் தடவை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மலைச் சைக்கிளைப் பற்றியே, அதிலும் மோன் பிளாங் மலையைச் சுற்றிவரும் பாதையைப் பற்றியே இருக்கின்றன. பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டு வரும் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் பாதை அது. நடப்பவர்களுக்குப் பத்து நாள் ஆகும். சைக்கிள்காரர்கள் இரவில் மலை விடுதிகளில் தங்கி நான்கைந்து நாளில் முடிக்கப் பார்ப்பார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: சென்னையிலிருந்து ஜெனீவாவுக்குப் பறக்கிறோம். என் எலெக்ட்ரிக் மலைச் சைக்கிளின் பேட்டரி 625 வாட்-ஹவர். அதைக் கைப்பையில் வைப்பதா, பெட்டியில் போடுவதா?

பதில்: இரண்டிலும் முடியாது. 160 வாட்-ஹவரைத் தாண்டிய லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். பிரான்ஸ் பக்கம் சாமொனியிலோ இத்தாலி பக்கம் கூர்மாயூரிலோ வாடகைக்கு எடுங்கள். அப்புறம், தங்கப்போகும் ஒவ்வொரு விடுதியிலும் பேட்டரி சார்ஜ் செய்ய விடுவார்களா என்று முன்பே கேளுங்கள். உயரத்தில் இருக்கும் விடுதிகளில் மின்சாரம் அளந்துதான் கிடைக்கும்.

கேள்வி: பாரிஸில் ஒரு பல்பொருள் அங்காடியில் 399 யூரோவுக்கு ‘மலைச் சைக்கிள்’ வாங்கினேன். விளம்பரத்தில் ஒருவர் அதில் பாறையிலிருந்து குதிக்கிறார். பழகுவதற்காகக் காட்டுப் பாதையில் ஓட்டினேன். ஐந்து மாதத்தில் முன் ஃபோர்க்கில் எண்ணெய் ஒழுகுகிறது, பின்சக்கரம் கோணிவிட்டது. ‘தவறாகப் பயன்படுத்தியிருக்கிறீர்கள்’ என்று கடையில் கைவிரிக்கிறார்கள்.

பதில்: இதைப் பற்றி எழுத ஒரு சாக்குக்காகத்தான் காத்திருந்தேன். அகல டயர், முன்னால் ஒரு ஸ்பிரிங், பெயரில் ஏதோ ஒரு சிகரம். இவ்வளவு இருந்தால் ‘மலைச் சைக்கிள்’ என்று விற்றுவிடலாம் என்று கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். உண்மையைச் சொல்வது ஃபிரேமின் அடியில், பெடலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர்தான். பல தயாரிப்பாளர்கள் அதில் 1 முதல் 5 வரை ஓர் எண் போடுகிறார்கள். 1 என்றால் தார்ச்சாலை மட்டும். 2 என்றால் மண்சாலை, கப்பிச்சாலை. குதித்தால் 15 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. 3 கரடுமுரடான பாதைக்கு, 60 சென்டிமீட்டர் வரை. 4 என்றால் 120 வரை. 5 முழு இறக்கப் பந்தயத்துக்கு. மோன் பிளாங் சுற்றுக்குக் குறைந்தது 3 வேண்டும், 4 இருந்தால் நிம்மதி. உங்கள் சைக்கிளைக் கவிழ்த்துப் பாருங்கள். 2 இருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். விளம்பரத்தில் 4, ஸ்டிக்கரில் 2, கையேட்டின் நாற்பதாம் பக்கத்தில் ‘கரடான பாதையில் ஓட்டக் கூடாது’. மலையைக் காட்டித் தெருவுக்கான சைக்கிளை விற்றுவிட்டு, மலைக்கு ஏன் கொண்டு போனாய் என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

நல்லவேளையாகச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. பிரான்ஸில் புதுப் பொருளுக்கு இரண்டு ஆண்டு சட்டப்படியான உத்தரவாதம் உண்டு. அந்த இரண்டு ஆண்டுக்குள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகத்தான் கருதப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர், நீங்கள் அல்ல. விளம்பரத்தில் காட்டிய பயன்பாடும் கணக்கில் வரும். ஆகவே அந்தப் பாறைக் குதிப்புப் படத்தை உடனே சேமித்து வையுங்கள். பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்டுப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். 30 நாளில் சரிசெய்து தராவிட்டால் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அதற்கும் மசியவில்லையா? ஒவ்வொரு கடையும் நுகர்வோர் சமரசர் ஒருவரின் பெயரைத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பெயரைக் கேளுங்கள். அரசின் சிக்னல்கான்சோ தளத்திலும் புகாரைப் பதியுங்கள். பணம் கைக்கு வந்தாலும் அதே விலையில் இன்னொன்று வாங்கிவிடாதீர்கள். என் வீட்டு மாடிப்படிக்குக் கீழே அந்த ரகத்தில் ஒன்று நிற்கிறது, துண்டு காயப்போட வசதியாக இருக்கிறது.

கேள்வி: சூரிச்சிலிருந்து எழுதுகிறேன். சுவிஸ் இணையக் கடையில் 3200 ஃபிராங்குக்கு சைக்கிள் வரவழைத்தேன். எனக்கு மீடியம் போதும், லார்ஜ் வாங்கிவிட்டேன். 14 நாளில் திருப்பித் தரும் உரிமையைக் கடை மறுக்கிறது.

பதில்: அந்த உரிமை ஐரோப்பிய ஒன்றியத்தில்தான். சுவிட்சர்லாந்தில் வீடு தேடி வந்து விற்றாலோ தொலைபேசியில் விற்றாலோ 14 நாள் உண்டு. இணையத்தில் நீங்களே போய் வாங்கியதற்குச் சட்டம் எதுவும் தருவதில்லை. கடை தன் விதிகளில் வாக்குக் கொடுத்திருந்தால் மட்டும் கேட்கலாம். படித்தீர்களா என்று கேட்டால் ‘ஏற்கிறேன்’ பெட்டியை டிக் செய்ததாகச் சொல்வீர்கள். அளவு அட்டவணை அதே பக்கத்தில்தானே இருந்தது? மூவாயிரம் ஃபிராங்க் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை காலைத் தூக்கி ஏறிப் பார்க்கக் கடைக்குப் போயிருக்கலாம். சரி, ஓட்டாமல் வைத்திருந்தால் அளவு மாற்றித் தரச் சொல்லிப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். சண்டை போட உங்களிடம் ஆயுதம் இல்லை.

கேள்வி: லண்டனிலிருந்து நானும் தோழியும். மலை விடுதிகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று தெரிந்தபோது, ‘ரத்தான படுக்கைகள்’ விற்பதாக ஒரு தளம் கண்ணில் பட்டது. ஆளுக்கு 340 பவுண்ட். தோழி கிரெடிட் கார்டில் கட்டினாள், நான் அவர்கள் கொடுத்த பிரிட்டிஷ் வங்கிக் கணக்குக்கு அனுப்பினேன். விடுதிகளுக்கு எழுதிக் கேட்டால் எங்கள் பெயரே இல்லை என்கிறார்கள். எங்கள் முட்டாள்தனம்தானே?

பதில்: இல்லை அம்மா. திருடியது அவர்கள். படுக்கை குறைவு, ஆசை அதிகம், கோடை குறுகியது என்று தெரிந்துதான் இவர்கள் கடை விரிக்கிறார்கள். விடுதிக்கு எழுதிச் சரிபார்த்தீர்களே, பலர் அதையும் செய்யாமல் மழையில் நனைந்து கதவைத் தட்டிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

தோழி கார்டு நிறுவனத்திடம் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவைச் சொல்லிக் கேட்கட்டும். 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ளதைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவரோடு சேர்ந்து கார்டு நிறுவனமும் பொறுப்பு. உங்களுக்கும் வழி இருக்கிறது. 2024 அக்டோபர் 7 முதல், பிரிட்டனுக்குள் ஏமாற்றி அனுப்பவைத்த பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்பது விதி. உச்சவரம்பு 85,000 பவுண்ட். அனுப்பிய 13 மாதத்துக்குள் புகார் செய்ய வேண்டும், வங்கி 100 பவுண்ட் வரை பிடித்துக்கொள்ளலாம். இன்றைக்கே வங்கியைக் கூப்பிடுங்கள். அவர்கள் இழுத்தடித்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: ‘முழுக்க ஓட்டக்கூடிய மோன் பிளாங் சுற்று’ என்ற ஜிபிஎஸ் வரைபடத்தை 60 யூரோவுக்கு வாங்கினேன். போய்வந்த நண்பர் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார், பாதி ஏற்றத்தில் தோளில் தூக்கிப்போக வேண்டும் என்கிறார்.

பதில்: உங்கள் நண்பரை நம்புங்கள். இத்தாலி-சுவிஸ் எல்லையில் 2537 மீட்டரில் இருக்கும் கிரான் கோல் ஃபெரே கணவாய்க்கு எலேனா விடுதியிலிருந்து ஏறும்போது பெரும்பாலானோர் தள்ளித்தான் போகிறார்கள். அதற்குப் பரிசு மறுபக்கம் லா ஃபூலி ஊர் வரை இறங்கும் நீண்ட இறக்கம். பிரான்ஸில் கோல் டு போனோம் கணவாய்ப் பக்கம் போவது அதைவிட வேதனை. விவரம் தெரிந்தவர்கள் லே கோன்டமின் ஊரிலிருந்து கோல் டு ஜோலி கணவாய் வழியாகப் போஃபோர் பக்கம் இறங்கி, கோர்மே டி ரோஸ்லாந் கணவாய் ஏறி, மறுபக்கம் லே ஷாப்பியூ போய்ச் சேருகிறார்கள். உங்கள் வரைபடம் போனோம் வழியாகப் போகிறதா பாருங்கள். போனால், எழுதியவர் சைக்கிளில் அங்கே போனதே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் சாமொனி பள்ளத்தாக்கின் பல நடைபாதைகளில் சைக்கிளுக்குத் தடை இருப்பதையாவது சொல்லியிருக்கிறாரா? ‘முழுக்க ஓட்டக்கூடிய’ என்று எழுதி விற்றது பொய். பணத்தைத் திருப்பிக் கேளுங்கள்.

கேள்வி: பெர்னில் வசிக்கிறோம். குடும்பமாக ரேகா ஹெலிகாப்டர் மீட்பு அமைப்பின் ஆதரவாளர்கள். வேறு காப்பீடு வேண்டுமா?

பதில்: ரேகா ஆதரவு என்பது நன்கொடை, காப்பீடு அல்ல, செலவை அவர்கள் தள்ளுபடி செய்யலாம், அவ்வளவே. நீங்கள் ஒரே முதலாளியிடம் வாரத்துக்கு 8 மணி நேரமாவது வேலை செய்தால் ஓய்வுநேர விபத்துக்கும் வேலைவழிக் காப்பீடு உண்டு. உங்கள் மனைவி வேலைக்குப் போகாதவர் என்றால் அவருடைய மருத்துவக் காப்பீட்டில் ‘விபத்து’ சேர்த்திருக்கிறதா என்று இன்று மாலையே பாருங்கள். அடிப்படை மருத்துவக் காப்பீடு சுவிஸுக்குள் மீட்புச் செலவில் பாதியைத்தான் தரும், அதுவும் ஆண்டுக்கு 5000 ஃபிராங்க் வரை. உங்கள் சுற்றின் சுவிஸ் பகுதி வலே மாநிலத்தில் இருக்கிறது. அங்கே அழைக்க வேண்டிய எண் 144, ரேகாவின் 1414 அல்ல. பிரான்ஸ் பக்கம் அரசு மீட்புப் படைக்குப் பொதுவாகக் கட்டணமில்லை. இத்தாலியின் ஆவோஸ்தா பகுதியில் தேவையில்லாமல் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டால் பில் வரும். மூன்று நாட்டுக்கும் செல்லும் மீட்புக் காப்பீடு எடுங்கள்.

கேள்வி: பிரேக் பேட் எது நல்லது?

பதில்: நீண்ட இறக்கத்துக்கு உலோகக் கலவைப் பேட். மாற்று ஜோடி பையில் இருக்கட்டும். பாதி விலைக்கு அசல் போன்ற பெட்டியில் வரும் போலியை வாங்க வேண்டாம். நான் வாங்கினேன், உராயும் படலம் தகட்டிலிருந்து தனியே உரிந்து வந்தது. பணமும் உரிந்தது.

கேள்வி: மலை விடுதியில் போர்வை தருகிறார்களே, படுக்கும்போது உள்ளே நுழைந்துகொள்ளும் மெல்லிய உறைத்துணியையும் கொண்டுவரச் சொல்வது எதற்கு?

பதில்: அந்தப் போர்வையைத் தினமும் துவைக்க முடியாது என்பதற்கு. கட்டாயம் கொண்டுபோங்கள்.

கேள்வி: ஆயுத பூஜை விடுமுறையோடு சேர்த்து அக்டோபரில் விமான டிக்கெட் எடுத்துவிட்டோம். இப்போதுதான் விடுதிகளைத் தேடுகிறோம், ஒருவரும் பதில் போடவில்லை. மதுரை.

பதில்: பூட்டிவிட்டுக் கீழே போயிருப்பார்கள். அந்த விடுதிகள் பெரும்பாலும் ஜூன் நடுவில் திறந்து செப்டம்பரில் மூடுபவை. டிக்கெட் தேதியை மாற்ற என்ன கட்டணம் என்று விமான நிறுவனத்தைக் கேளுங்கள். முடியாது என்றால் கூர்மாயூரில் ஓட்டல் எடுத்துத் தங்கிப் பள்ளத்தாக்குப் பாதைகளில் ஓட்டுங்கள், மேலே பனி விழுந்திருக்கலாம்.