சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், வான்கோழியும் வருகிறது

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். என் கொழுந்தன் கட்டியிருப்பது அமெரிக்கப் பெண்ணை. நான்கு வருடமாகத் தேங்க்ஸ்கிவிங் விருந்து அவள் அம்மா வீட்டில்தான். இந்த வருடம் எங்கள் வீட்டில் வைப்போம் என்று என் கணவர் வாக்குக் கொடுத்துவிட்டார். ஊரிலிருந்து மாமனாரும் மாமியாரும் வந்திருக்கிறார்கள். அவர்களும் நானும் சைவம், முட்டையும் கிடையாது. கணவரும் இரண்டு பிள்ளைகளும் வெளியே அசைவம் சாப்பிடுவார்கள், வீட்டில் சமைத்ததில்லை. கொழுந்தன், ஓரகத்தி, அவளுடைய அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லாரையும் சேர்த்தால் 12 பேர். விருந்துக்கு வான்கோழி இருந்தே ஆக வேண்டும், ஓவன் ஒன்றுதான். "அதை நம்ம அடுப்பிலயா வைக்கப் போற?" என்று மாமியார் ஒரே ஒரு முறை கேட்டார், பிறகு பேசவில்லை. மாமனாருக்கு இது கிறிஸ்தவப் பண்டிகையா என்று சந்தேகம். சாப்பிடும் முன் ஒவ்வொருவராக நன்றி சொல்வார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து மாமியாருக்கு அதுவேறு கூச்சம். யார் மனமும் நோகாமல் எப்படி நடத்துவது?

பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்: உங்கள் மாமியாரிடம் இதைத் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லாதீர்கள், சம்பந்தி விருந்து என்று சொல்லுங்கள். பெண்ணைக் கொடுத்தவர்கள் முதல் தடவையாக உங்கள் வீட்டு வாசலில் கால் வைக்கப் போகிறார்கள். நான்கு வருடம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறீர்கள். சம்பந்தியை எப்படி உபசரிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மாமனாருக்கும் பதில் சொல்லிவிடுவோம். 1621-இல் அமெரிக்காவின் பிளிமத்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள், வாம்பனோக் பழங்குடியினரோடு சேர்ந்து உண்ட அறுவடை விருந்தைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1863-இல் லிங்கன் நாடு முழுமைக்கும் நன்றி நாள் அறிவித்தார். நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழன் என்பது 1941-இல் சட்டமானது. அரசு விடுமுறை நாள்தான், எந்த மதத்தாரும் கொண்டாடுகிறார்கள். சில வீடுகளில் சாப்பிடும் முன் ஜெபம் உண்டு, அப்போது பேசாமல் இருந்தால் போதும். பழங்குடியினரில் பலர் 1970 முதல் இதே நாளைப் பிளிமத்தில் துக்க நாளாக அனுசரிக்கிறார்கள். பிள்ளைகள் கேட்டால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இனி வான்கோழி. சைவக்காரரான நீங்கள் இதைக் கற்றுக்கொண்டு சமைக்க வேண்டிய அவசியமே இல்லை. "நாங்கள் என்ன கொண்டு வரட்டும்?" என்று சம்பந்தி அம்மாள் கட்டாயம் கேட்பார். "ஒண்ணும் வேண்டாம், நீங்க வந்தா போதும்" என்பது நம் ஊர் மரியாதை. அங்கே அந்தக் கேள்வி உபசாரத்துக்குக் கேட்பது இல்லை, பங்கெடுக்கக் கேட்பது. வேண்டாம் என்றால் ஒதுக்கிவைத்தது போலத் தோன்றும். எனவே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: "டர்க்கி உங்கள் பொறுப்பு. உப்பு தடவுவதிலிருந்து அறுத்துப் பரிமாறுவது வரை நீங்கள்தான்." அறுக்கும் வேலையை ஓரகத்தியின் அப்பாவிடம் கொடுப்பது அவருக்கு நீங்கள் செய்யும் மரியாதையும்கூட.

சமைக்கும் இடத்துக்கு நல்ல வழி எலக்ட்ரிக் ரோஸ்டர். மேலே மூடி போட்ட, 18 முதல் 22 குவார்ட் கொள்ளளவுள்ள தனி அடுப்பு. கூட்டம் சேரும் அமெரிக்க வீடுகளில் பலரிடம் இருக்கும், இரவல் கிடைக்கும். அதைக் கராஜிலோ பேஸ்மென்ட்டிலோ உறுதியான மேஜைமேல் வையுங்கள். உங்கள் ஓவன் சைவமாகவே இருக்கும், வாசனை வீட்டுக்குள் அதிகம் வராது, ஒரே ஓவன் என்ற நெருக்கடியும் தீரும். இது 1,400 வாட்டுக்கு மேல் இழுக்கும். எக்ஸ்டென்ஷன் கார்டில் செருகக் கூடாது, நேராகச் சுவர் பிளக்கில்தான். அதே சர்க்யூட்டில் கராஜ் ஃப்ரிட்ஜ் ஓடினால் பிரேக்கர் விழலாம். அதனால் புதன்கிழமையே இரண்டு அங்குலம் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அட்டைப்பெட்டி, பெயின்ட் டப்பா, பெட்ரோல் கேன் எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

அசைவம் சாப்பிடுபவர்கள் 9 பேர். ஆளுக்கு ஒன்றேகால் பவுண்ட் என்றால் 11 முதல் 12 பவுண்ட் பறவை போதும். உறைந்த டர்க்கி ஃப்ரிட்ஜில் இளக 4-5 பவுண்டுக்கு ஒரு நாள் ஆகும். ஞாயிறு இரவு ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால்தான் புதன் இரவு தயார். இது நடக்க வேண்டியது அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில். உங்கள் ஃப்ரிட்ஜில் மாவும் தயிரும் இருக்கின்றன, இளகும் பறவையிலிருந்து நீர் கசியும். வியாழன் காலை ஐஸ் போட்ட கூலரில் கொண்டுவந்து நேராகக் கராஜுக்குப் போகட்டும். குழாயடியில் கழுவ வேண்டாம் என்று கொழுந்தனிடம் சொல்லிவையுங்கள். கழுவினால் கிருமி சாகாது, சிங்க் முழுக்கத் தெறிக்கும். வயிற்றுக்குள் ஒரு சின்னப் பையில் ஈரல், கழுத்து வைத்திருப்பார்கள், அதை எடுத்துவிட வேண்டும். உறையில் உப்புக் கரைசல் ஏற்றியது என்று அச்சிட்டிருந்தால் மேற்கொண்டு உப்பு ஊறவைக்கக் கூடாது. வாயில் வைக்க முடியாமல் போய்விடும்.

ரோஸ்டரை 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் சூடாக்கி, வெண்ணெயும் பாப்ரிகாவும் தடவி வைத்தால் 12 பவுண்டுக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். ரோஸ்டரில் சில சமயம் சீக்கிரமே வெந்துவிடும், இரண்டேகால் மணி நேரம் ஆனதும் தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். மார்பின் தடித்த பகுதி, தொடையின் உள்பக்கம், இறக்கை மூன்றிலும் 165 டிகிரி வர வேண்டும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. மூடிக்குள் ஆவி நிற்பதால் தோல் வெளுப்பாகத்தான் இருக்கும், அதற்காகக் கூடுதல் நேரம் வைத்தால் கறி வறண்டுவிடும். அடிக்கடி மூடியைத் திறந்தால் சூடு இறங்கி நேரம் இழுக்கும். எடுத்தபின் 30-40 நிமிடம் ஆறவிட்டு அறுத்தால் சாறு உள்ளேயே நிற்கும்.

உங்களுக்கு உண்மையான வேலை சைவச் சாப்பாட்டில்தான். இந்த விருந்தில் காய்கறிப் பதார்த்தங்கள் நிறைய இருக்கும், ஆனால் நம் பெரியவர்கள் பசியோடு எழுந்திருப்பார்கள். உருளை மசியல், சர்க்கரைவள்ளி, கிரான்பெர்ரி, ரொட்டி எல்லாமே மென்மை, இனிப்பு. காரமில்லை, பருப்பில்லை, சோறில்லை. போதாக்குறைக்குச் சைவம்போலத் தெரிவதிலும் அசைவம் ஒளிந்திருக்கும். ரொட்டித் துண்டில் செய்யும் ஸ்டஃபிங்கைப் பாக்கெட்டாக வாங்கினால் அதில் பெரும்பாலும் கோழிச் சாறு. சர்க்கரைவள்ளியின் மேல் போடும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின். 'பை' (pie) என்ற இனிப்புக்குக் கடையில் வாங்கும் மாவில் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு, டின்னர் ரோல்மேல் முட்டைப் பூச்சு. ஒவ்வொரு டப்பாவையும் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

மாமியாரிடம் இரண்டு பொருளைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் பண்டிகைக்கு வேண்டியவை, அவர் கைக்குப் பழகியவை. ஒன்று பீன்ஸ். அமெரிக்க மேஜையில் காளான் சூப்பும் வறுத்த வெங்காயமும் போட்டு வேகவைக்கும் கிரீன் பீன்ஸ் கேசரோல் இருக்கும். அதற்குப் பதில் பீன்ஸ் பருப்பு உசிலி. 12 பேருக்கு இரண்டு பவுண்ட் பீன்ஸ், ஒன்றரை கப் துவரம்பருப்பு, ஆறேழு மிளகாய் வற்றல். ஒரு மணி நேரம் ஊறிய பருப்பைத் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்து, 12-15 நிமிடம் ஆவியில் வைத்து, நன்றாக ஆறியபின் உதிர்க்க வேண்டும். சூட்டில் உதிர்த்தால் களியாக ஒட்டும். சைவக்காரர்களுக்கு அதுதான் வயிறு நிறைக்கும் பண்டம். ஆறினாலும் ருசி குறையாது, சம்பந்திகளும் விரும்பிச் சாப்பிடுவார்கள்.

இன்னொன்று கிரான்பெர்ரி. 12 அவுன்ஸ் பாக்கெட் இரண்டு வாங்குங்கள். ஒன்றில் அவர்கள் ஸாஸ்: ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர், பழம் வெடித்துப் பத்து நிமிடம் கொதித்தால் இறக்கிவிட வேண்டும். நீர்க்க இருக்கிறதே என்று மேலும் கொதிக்கவைப்பதுதான் வழக்கமான தவறு. பழத்திலேயே பெக்டின் இருக்கிறது, ஆறும்போது தானே இறுகும். மற்றப் பாக்கெட்டில் தொக்கு. நான்கு டேபிள்ஸ்பூன் நல்லெண்ணெயில் கடுகு, கால் டீஸ்பூன் பெருங்காயம், பிறகு பழம், ஒன்றரை டீஸ்பூன் உப்பு. பழம் குழைந்ததும் இரண்டு டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் வறுத்துப் பொடித்த வெந்தயம், நெல்லிக்காயளவு வெல்லம். புளி வேண்டாம், களாக்காய்போல அதற்கே புளிப்பு உண்டு. ஓரத்தில் எண்ணெய் பிரிந்ததும் நிறுத்துங்கள். இரண்டையும் திங்கட்கிழமையே செய்து வைக்கலாம். ஒரே பழம் இரண்டு கிண்ணத்தில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும், பேச்சு தானாகத் தொடங்கும்.

மற்றபடி எலுமிச்சை சாதம், கடைசியில் தயிர்சாதம். அதற்கு மேல் சாம்பார், ரசம், வடை என்று இழுத்துக்கொள்ளாதீர்கள். உருளை மசியலுக்கு 5 பவுண்ட் யூகான் கோல்ட் உருளைக்கிழங்கு. கையால்தான் மசிக்க வேண்டும், மிக்ஸியில் போட்டால் பசையாகிவிடும். ஸ்டஃபிங்கைப் பறவைக்குள் அடைக்காமல் தட்டில் வையுங்கள். ஒரு பவுண்ட் காய்ந்த ரொட்டித் துண்டு, 8 டேபிள்ஸ்பூன் வெண்ணெய், வெங்காயம், செலரி, சேஜ் இலை, இரண்டு கப் காய்கறிச் சாறு. முட்டையில்லாமலே நிற்கும். 350 டிகிரியில் மூடி 30 நிமிடம், திறந்து 15 நிமிடம். பம்ப்கின் பை அவர்கள் கொண்டுவரட்டும். உங்களுக்காக ஒன்று செய்தால் 15 அவுன்ஸ் பூசணி டின்னுக்கு இரண்டு முட்டைக்குப் பதில் மூன்று டேபிள்ஸ்பூன் சோளமாவு (கார்ன் ஸ்டார்ச்) கரைத்து ஊற்றுங்கள், பை மாவும் பன்றிக் கொழுப்பில்லாததாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் பூசணி விழுதுதான் வேண்டும். இனிப்பும் மசாலாவும் சேர்த்த டின்னும் பக்கத்திலேயே இருக்கும், மாற்றி எடுத்துவிடாதீர்கள்.

நேரம்: சாப்பாடு நான்கு மணி. டர்க்கி 12 மணிக்கு ரோஸ்டருக்குள், மூன்று மணிக்கு வெளியே, ஸ்டஃபிங்கும் சர்க்கரைவள்ளியும் இரண்டே முக்கால் முதல் ஓவனில். நான்கு மணி என்பது அவர்களுக்கு வழக்கம், காலை எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்ட உங்கள் மாமனாருக்கு இல்லை. சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களாக இருந்தால் இன்னும் கவனம். பன்னிரண்டரைக்கு இரண்டு பேருக்கும் தட்டில் தயிர்சாதமோ உப்புமாவோ கொடுத்துவிடுங்கள்.

வான்கோழித் தட்டை நடு மேஜையில் வைக்க வேண்டாம். பக்கத்தில் தனி மேஜை, அதன் க்ரேவியும் அங்கேயே. எத்தனை கவனமாகச் சமைத்தாலும் குழப்பம் வருவது கரண்டியில்தான். க்ரேவிக் கரண்டி மசியல் பாத்திரத்துக்குள் போன நொடியில் மாமியார் கை கழுவிவிடுவார். சைவக் கரண்டிகளின் பிடியில் பச்சை ரப்பர் பேண்ட் சுற்றி, வந்தவுடனே எல்லாரிடமும் காட்டிவிடுங்கள். யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள்.

நன்றி சொல்லும் விஷயம். நம் வீடுகளில் பெற்றவளுக்கும் மருமகளுக்கும் யாரும் 'நன்றி' சொல்வதில்லை, சொன்னால் அந்நியப்படுத்தியது போல இருக்கும். உங்கள் மாமியாரின் கூச்சம் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் செய்ந்நன்றி என்னும்போது நன்றி என்பது செய்த நன்மையையே குறிக்கிறது. அவர் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டாம், நடந்த ஒரு நன்மையைச் சொன்னால் போதும். "என் பிள்ளை ஜுரமா படுத்தப்போ சம்பந்தியம்மா சூப் வெச்சுக் கொண்டுவந்து கொடுத்தாங்களாம்" என்பது மாதிரி ஒன்று. உண்மையில் நடந்தது எது என்று கொழுந்தனிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள். அவர் தமிழில் சொல்லட்டும், கொழுந்தன் ஒரே வாக்கியத்தில் ஆங்கிலத்தில் சொல்லட்டும். பேரப்பிள்ளைகளிடம் மொழிபெயர்ப்பை விட்டால் தடுமாறிச் சிரித்துவிடுவார்கள், சொன்னவருக்கு மனம் சுருங்கும். அப்போதும் வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள், கைகூப்பினால் போதும். இதைச் சோறு ஆறும் நேரத்தில் வைக்காமல், டர்க்கி ஆறும் அந்த அரை மணியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு அரை நிமிடம், 12 பேருக்கு ஆறு நிமிடம்.

உங்கள் முறை வரும்போது மாமியார் பெயரைச் சொல்லி, அன்று காலை அவர் செய்த ஒரு வேலையைச் சொல்லுங்கள். அவர் இருக்கும்போதே, தமிழிலேயே.

மிச்சத்தை இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும், ஆழமில்லாத டப்பாக்களில். மூன்று நான்கு நாள் தாங்கும். டர்க்கி மிச்சம் முழுவதும் சம்பந்தி வீட்டுக்கே போகட்டும், எலும்பைக் கட்டி அன்றிரவே வெளிக் குப்பையில் போட்டுவிடுங்கள். ரோஸ்டரைக் கராஜிலேயே கழுவச் சொல்லுங்கள். அவர்கள் கிளம்பும்போது கையில் கொடுக்க உசிலி ஒரு டப்பா, தொக்கு ஒரு பாட்டில் எடுத்துவையுங்கள். மூடியில் பெயரை எழுதிவிடுங்கள், தொக்குக்கு எவ்வளவு காரம் என்பதையும்.