லாக்ஸை வெட்டினால்தான் வேலை என்றால் வழக்குப் போடலாமா?

கேள்வி: நாங்கள் ஹூஸ்டன் பக்கம் இருக்கிறோம். மகன் கல்யாணம் செய்திருப்பது ஒரு கறுப்பினப் பெண்ணை. மருமகளுக்கு ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்து, ஆஃபர் லெட்டரும் மெயிலில் வந்துவிட்டது. யூனிஃபார்முக்கு அளவு கொடுக்கப் போன இடத்தில் அவளுடைய முடியைப் பார்த்துவிட்டு (ஆறேழு வருடமாக லாக்ஸ், அதாவது கயிறு போலச் சடைசடையாகத் திரண்ட முடி, வளர்க்கிறாள்) 'இது நீட்டாக, ஒழுங்காக இல்லை, எடுத்துவிட்டு வா' என்று ஹெச்.ஆர். சொல்லியிருக்கிறார். அவள் மறுத்தாள். அடுத்த வாரமே ஆஃபரை ரத்து செய்துவிட்டார்கள். நான்கு மாதம் ஆகிவிட்டது. என் கணவர், 'முடிதானே, வெட்டினால் வளரும்' என்கிறார். கேஸ் போடலாமா, இல்லை நானே பேசி அவளைச் சம்மதிக்க வைக்கட்டுமா?

பதில்: சம்மதிக்க வைக்க வேண்டாம் அம்மா. கேஸுக்கு இடம் இருக்கிறது, ஆனால் நாள் குறைவு.

முதலில் உங்கள் கணவருக்கு. அவர் சொல்வதையே கிட்டத்தட்ட ஒரு ஃபெடரல் அப்பீல் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 2010இல் அலபாமாவின் மொபீல் நகரத்தில் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு ஒரு கம்பெனி வேலை தருவதாகச் சொல்லிவிட்டு, லாக்ஸை எடுக்கச் சொன்னது, அவர் மறுத்தார், வேலை போயிற்று. உங்கள் மருமகள் கதையேதான். அவருக்காக மத்திய அரசின் சமவாய்ப்பு ஆணையமே வழக்குப் போட்டும், 2016இல் பதினோராவது சர்க்யூட் நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. பிறப்போடு வந்த, மாற்ற முடியாத இயல்புக்குத்தான் 1964 சிவில் உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு, லாக்ஸ் என்பது மாற்றிக்கொள்ளக்கூடிய ஸ்டைல், என்பது அதன் வாதம். 1981இல் நியூயார்க்கில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர் ரெனே ரோஜர்ஸ், தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோஸ் பின்னலுக்காகப் போட்ட வழக்கும் இதே மாதிரிதான் தோற்றது. சுருள் முடியை அப்படியே வளரவிடும் ஆஃப்ரோ என்றால் அது இயற்கை, பின்னல் என்றால் கைவேலை என்று பிரித்தார்கள்.

எனக்கு இந்தப் பிரிவினையே அபத்தமாகப் படுகிறது. இறுக்கமாகச் சுருண்ட முடியை 'நீட்டாக' ஆக்க வேண்டுமென்றால் சுருளை நேராக்கும் கடுமையான ரசாயன ரிலாக்ஸரைத் தடவ வேண்டும், அல்லது சூடான சீப்பால் இழுக்க வேண்டும், அல்லது மேலே விக் வைக்க வேண்டும். அதாவது தன் முடியைத் தன் போக்கில் விடுபவளைப் பார்த்து 'நீ மாற்றிக்கொள்ளலாமே' என்கிறோம். பின்னலும் லாக்ஸும் அந்த வகை முடி உடையாமல் காக்கிற முறைகள், தலைமுறைகளாக வருபவை. அழகுக்கு வைப்பவர்களும் உண்டு, நான் யார் என்று காட்ட வைப்பவர்களும் உண்டு, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் வசதி என்று வைப்பவர்களும் உண்டு, எந்தக் காரணம் என்று ஹெச்.ஆருக்கு விளக்க வேண்டியதே இல்லை. அப்புறம், 'எடுத்துவிட்டு வா' என்பது கொண்டையை அவிழ்ப்பது போல இல்லை. ஆறேழு வருட லாக்ஸைப் பெரும்பாலும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

இந்த ஓட்டையை அடைக்க வந்ததுதான் கிரவுன் சட்டம். 2019இல் கலிபோர்னியா முதலில் கொண்டுவந்தது. நாடு முழுவதற்குமான மசோதா 2022இல் பிரதிநிதிகள் சபையில் தேறி, செனட்டில் நின்றுபோனது. ஆனால் உங்கள் டெக்சாஸில் 2023 செப்டம்பர் 1 முதல் மாநிலச் சட்டமாகவே இருக்கிறது. ஓர் இனத்தோடு வழக்கமாகத் தொடர்புடைய முடியின் தன்மைக்காகவோ, முடியைக் காக்கும் அலங்காரத்துக்காகவோ வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது. பின்னல், லாக்ஸ், ட்விஸ்ட் என்ற முறுக்குச் சடை மூன்றும் சட்டத்திலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. வேலைக்கு எடுக்க மறுப்பதும் இதில் அடங்கும், அதனால் 'இன்னும் சேரவே இல்லையே' என்ற கவலை வேண்டாம். பொதுவாக 15 பேராவது வேலை பார்க்கும் நிறுவனமாக இருக்க வேண்டும், ஹோட்டலில் அது இருக்கும்.

எங்கே வழுக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மான்ட் பெல்வியூ பள்ளியில் டேரில் ஜார்ஜ் என்ற மாணவனின் லாக்ஸ் விவகாரத்தில், சட்டம் அலங்காரத்தைச் சொல்கிறது, நீளத்தைச் சொல்லவில்லை என்று 2024 பிப்ரவரியில் ஒரு டெக்சாஸ் நீதிபதி பள்ளி பக்கம் தீர்ப்பளித்தார். பள்ளி வழக்குதான், ஆனாலும் ஹோட்டலின் வக்கீல் அதைத் தூக்கிக்கொண்டு வருவார். அதனால் ஹெச்.ஆர். சொன்ன வார்த்தை 'நீட்டாக இல்லை' என்பதா, 'ரொம்ப நீளம்' என்பதா என்பது இங்கே முக்கியம். மருமகள் அந்தப் பேச்சை நினைவிருக்கும்போதே தேதி போட்டு எழுதி வைக்கட்டும், அன்றைக்கே கணவருக்கோ தோழிக்கோ அனுப்பிய மெசேஜ் இருந்தால் அழிக்க வேண்டாம். நீங்களோ மகனோ ஹோட்டலுக்கு போன் போட்டுச் சண்டை பிடித்தால் எதிர்தரப்புக்குத்தான் லாபம்.

இப்போது கெடு. மாநில அரசின் வேலைவாய்ப்பு அமைப்பான டெக்சாஸ் வொர்க்ஃபோர்ஸ் கமிஷனின் சிவில் உரிமைப் பிரிவில் 180 நாளுக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். நான்கு மாதம் போய்விட்டது என்றால் மிச்சம் இரண்டு மாதம் கூட முழுசாக இருக்காது. ஃபெடரல் சமவாய்ப்பு ஆணையத்துக்கு இங்கே 300 நாள் உண்டு, ஆனால் உங்கள் பலம் மாநிலச் சட்டத்தில் இருக்கிறது, அந்த 300 நாளை நம்பி இந்த 180 நாளை விடாதீர்கள். 'மேலிடத்தில் பேசுகிறோம், பொறுங்கள்' என்று ஹோட்டல் இழுத்தால் கெடு நிற்காது. புகாருக்குக் கட்டணம் இல்லை. இதைச் செய்யாமல் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது.

புகார் மருமகளின் பெயரில்தான் போகும், முடிவும் அவருடையதுதான். எனக்கு எழுதியது நீங்கள், அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் சொல்லவில்லை. இன்றைக்கே அவரிடம் பேசுங்கள், வெட்டச் சொல்லி அல்ல, இந்தக் கெடுவைச் சொல்லி. வேண்டாம், வேறு வேலை பார்க்கிறேன் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

போராட நினைத்தாலும் வேறு வேலை தேடத்தான் வேண்டும். சும்மா இருந்தால் சம்பள இழப்பைக் கேட்கும்போது அதைப் பிடித்துக்கொள்வார்கள், ஆகவே விண்ணப்பித்த இடங்களுக்கெல்லாம் மெயில் நகல் இருக்கட்டும். பெரிய தொகைக் கனவும் வேண்டாம்: நூறு பேர் வரை உள்ள நிறுவனம் என்றால் சம்பள பாக்கி தவிர்த்த நஷ்டஈட்டுக்கு 50,000 டாலர்தான் உச்சவரம்பு.

புகார் போன பிறகு ஹோட்டல் மறுபடி வேலை தருகிறோம் என்று கூப்பிடலாம். லாக்ஸோடு, அதே வேலைக்கு, எந்த நிபந்தனையும் இல்லாமல் என்றால், மருமகள் அதை மறுத்தால் மறுத்த நாளிலிருந்து சம்பள பாக்கி ஏறுவது பொதுவாக நின்றுவிடும். பின்பக்க ஆபீஸில் உட்கார வைக்கிறோம் என்றால் அது அதே வேலை இல்லை. எதுவானாலும் எழுத்தில் கேட்கட்டும், ஒரு வக்கீலிடம் காட்டாமல் போனில் சரி என்றோ மாட்டேன் என்றோ சொல்லிவிட வேண்டாம்.