மாரி மழைக்குள் எந்தக் குகைக்குப் போகலாம்?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "டிசம்பர் கடைசி வாரத்தில் 14 பேர் ஒரு நாள் குகைப் பயணம் போக இருக்கிறோம். வயது 16 முதல் 45 வரை. ராஜகல, குடும்பிகல, குடும்பிமலை, எல்லவுக்கு அந்தப் பக்கம் உள்ள நில்தியப் பொக்குன என்று நாலு இடம் யோசித்து வைத்திருக்கிறோம். மழை பெய்தால் என்ன, குகைக்குள் நின்றால் நனையாதுதானே என்று சிலர் சொல்கிறார்கள். எதைத் தெரிவு செய்வது?"

முடிவை முதலில் சொல்லிவிடுகிறோம். ராஜகலவை வைத்துக்கொள்ளுங்கள். நில்தியப் பொக்குனவை இந்த மாரிக்கு மறந்துவிடுங்கள். குடும்பிகலவும் குடும்பிமலையும் பங்குனிக்குப் பிறகு பார்க்கலாம். புறப்படுவதற்கு முந்திய இரண்டு நாளும் மழை ஊற்றியிருந்தால் ராஜகலவையும் விட்டுவிட்டுத் தம்புள்ளைக் குகைக் கோயிலுக்குப் போங்கள், அல்லது வீட்டில் இருங்கள்.

இனிக் காரணம். குகை என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு வேறு சாமான். மட்டக்களப்பு, அம்பாறை நிலத்துக்கு அடியில் கிடப்பது பெரும்பாலும் விஜயன் தொகுதி எனப்படும் மிகப் பழைய பாறை. கருங்கல்லும், நைஸ் எனப்படும் வரியோடிய கடும்பாறையும். தண்ணீர் அதைக் கரைக்காது. அதனால் நமது பக்கத்துக் 'குகை' என்பது பெரிய கல் சாய்ந்து கிடக்கும் இடுக்கு, அல்லது பாறையின் வயிறு உள்வாங்கிய தாழ்வாரம். வாசலில் நின்றாலே பின்சுவர் தெரியும். ராஜகல, புத்தங்கல, குடும்பிகல எல்லாம் இந்த இனம். இவற்றுக்குள் ஆறு ஓடாது, ஆள் அடைபட்டுப் போவதும் இல்லை.

மற்ற இனம் சுண்ணக்கல்லிலும் பளிங்குக்கல்லிலும் தண்ணீரே அரித்துச் செய்த குகை. இரத்தினபுரி மாவட்டத்து வவுல்பனை குகைக்குள் ஓடையே பாய்கிறது. கரந்தகொல்லயில் உள்ள நில்தியப் பொக்குனவில் களிமண் வழுக்கும் ஒடுங்கிய பாதையால் ஊர்ந்து இறங்கினால்தான் நிலத்தடிக் குளத்தைக் காணலாம். தண்ணீர் செய்த பாதையில் மழைகாலத்தில் தண்ணீர் திரும்பி வரத்தான் செய்யும். "நனையாதுதானே" என்ற பேச்சு இந்த இனத்துக்கு அறவே பொருந்தாது.

தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களது பயிற்சியாளரும் நடந்துதான் போனார்கள். பின்னால் தண்ணீர் ஏறி வழியை மூடிவிட்டது. வாசலிலிருந்து சுமார் 4 கிலோமீற்றர் உள்ளே அவர்களைக் கண்டுபிடித்தது ஜூலை 2, கடைசி ஆளை வெளியே கொண்டுவந்தது ஜூலை 10. மீட்க வந்த முன்னாள் கடற்படைச் சுழியோடி ஒருவர் இறந்துபோனார். இப்படியான குகையில் தலைக்கு மேல் பெய்யும் மழையை மட்டும் பார்த்தால் போதாது. தூரத்து மலையில் பெய்ததும் உள்ளேதான் வரும். சில குகைகளில் வெளியே மழை விட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் உள்ளே மட்டம் உயரும். மழை விட்டுவிட்டது, இறங்குவோம் என்று நினைக்கும் நேரமே மோசமான நேரமாக இருக்கலாம்.

கோடையில் ஒருநாள் ஓடைக் குகை எதற்காவது போனால், வாசலிலேயே டோர்ச்சை மேலே பிடித்துப் பாருங்கள். முகட்டு இடுக்கில் சுள்ளி, இலைச் சருகு, பொலித்தீன் துண்டு செருகிக் கிடக்கிறதா? வெள்ளம் அந்த உயரம் வரை வந்து போயிருக்கிறது. சுவரில் ஒரு மட்டத்துக்குக் கீழே வௌவால் எச்சமே இல்லாமல் கல் கழுவிவிட்டது போல இருந்தால் அந்த மட்டம்தான் வெள்ளக்கோடு. குனிந்தோ தவழ்ந்தோ போகும் இடத்தில் இந்த அடையாளம் முகடு வரை இருந்தால், முதலில் அடைபடுவது அந்த இடம். அதற்கு அப்பால் என்ன அழகு இருந்தாலும் மழைநாளில் தாண்டக் கூடாது. உள்ளே நிற்கும்போது தெளிந்த தண்ணீர் தேத்தண்ணி நிறத்துக்கு மாறுவது, நுரையோ புதுச் சருகோ மிதந்து வருவது, ஓடைச் சத்தம் கூடுவது, முகத்தில் பட்ட காற்று திடீரென்று நிற்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எல்லாரும் வெளியே. வெளியே வரும் வழி ஏற்கனவே மூடியிருந்தால் நீந்தப் பார்க்காதீர்கள். வெள்ளக்கோட்டுக்கு மேலே உள்ள உயரமான இடத்தில் ஏறி, ஒட்டி உட்கார்ந்து, ஒரு டோர்ச்சை மட்டும் எரியவிட்டுக் காத்திருப்பதுதான் பிழைக்கும் வழி.

நமது பாறைத் தாழ்வாரங்களுக்கு வருவோம். ராஜகலவில் துறவிகள் இருந்த குகைகளின் நெற்றியைப் பாருங்கள். பாறையின் விளிம்பை ஒட்டி நீளமாக ஒரு காடி வெட்டியிருக்கும், சிங்களத்தில் கட்டாரம் என்பார்கள். அழகுக்கு வெட்டியதல்ல. மழைத்தண்ணீர் பாறை முகத்தில் வழிந்து விளிம்புக்கு வந்ததும் நேரே கீழே விழாது. கல்லின் அடிப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டே உள்ளே ஊர்ந்து போகும். தேநீர்க் கோப்பையை மெதுவாகச் சரித்தால் தேநீர் கோப்பையின் வெளிப்புறத்தோடு வழிகிறதே, அதே சங்கதி. காடியின் கூர்விளிம்பில் அந்த ஒட்டு அறுந்து, தண்ணீர் திரைபோல வெளியே விழுந்துவிடும். ஈராயிரம் ஆண்டுக்கு முன் வெட்டியது இன்றைக்கும் வேலை செய்கிறது. பிராமிக் கல்வெட்டுகள் பலவும் காடிக்குக் கீழேதான் இருக்கும், நனையாத இடம் என்பதால்.

ஆகவே மழையில் ஒதுங்கக் காடி வெட்டிய குகையைத் தேடுங்கள். அதிலும் நிலத்தைப் பாருங்கள். பொடிமண்ணில் சின்னச் சின்னப் புனல் மாதிரிக் குழியானைப் பூச்சியின் குழிகள் இருந்தால் அங்கே தண்ணீர் எட்டுவதில்லை என்று நம்பலாம். ஈர மண்ணில் குழியானை குழி பறிக்காது. வாசல் எந்தத் திசை என்பதும் முக்கியம். மாரியில் காற்று வடகிழக்கிலிருந்து சாரலை அடிக்கிறது. அந்தப் பக்கம் பார்த்த குகை நல்ல காடி இருந்தாலும் உள்ளே நனையும்; தெற்கு, மேற்குப் பார்த்தது காய்ந்து கிடக்கும்.

இங்கே ஆபத்து குகைக்குள் இல்லை. அதற்கு ஏறும் பாறையிலும், அதற்குப் போகும் வீதியிலும்தான் இருக்கிறது.

ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 1 லீற்றர் தண்ணீர். ஒரு ஏக்கர் மொட்டைப் பாறையில் 50 மில்லிமீற்றர் பெய்தால் இரண்டு லட்சம் லீற்றர் வரும், அதாவது 5,000 லீற்றர் பவுசர் 40. மண் என்றால் ஒரு பங்கைக் குடிக்கும், கருங்கல் குடிக்காது. அத்தனையும் பாறையின் பள்ளங்களால் ஒரே நேரத்தில் இறங்கும். காலையில் காய்ந்த வாய்க்காலாகத் தாண்டிய இடம் மத்தியானம் அருவி. பாறையில் கறுத்த கோடுகள் மேலிருந்து கீழாக ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். அவை தண்ணீர் வழக்கமாக வடியும் தடங்கள். பாசி பிடித்திருப்பதால் ஈரம் பட்டதும் சவர்க்காரம் போல வழுக்கும். வெளிறிய, சொரசொரப்பான பகுதியில் காலை வையுங்கள். ஏறும்போது சமாளித்துவிடலாம், விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஏற முடிந்த சரிவில் மழைக்குப் பிறகு இறங்க முடியுமா என்று கேட்டுவிட்டே ஏறுங்கள். இடி கேட்டால் மொட்டைப் பாறை உச்சியில் நிற்க வேண்டாம். ஆழமில்லாத தாழ்வாரத்தின் வாசலில் சுவரோடு சாய்ந்து நிற்பதும் பாதுகாப்பல்ல, பாறையில் விழுந்த மின்னல் வாசல் இடைவெளியைத் தாவும்.

வீதிக்கு வந்தால், நீங்கள் களுவாஞ்சிகுடியிலிருந்து காரைதீவு வழியாக அம்பாறைக்குப் போவதானால் மாவடிப்பள்ளியைத் தாண்ட வேண்டும். 2024 நவம்பர் 26 அன்று அங்கேதான் வெள்ளத்தில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரசா மாணவர்கள் இறந்தார்கள். உழவு இயந்திரத்துக்கே அந்தக் கதி என்றால் வான் எம்மாத்திரம்? ஓடும் தண்ணீர் முழங்கால் அளவு இருந்தால் ஆளைச் சாய்க்கும், இரண்டு அடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களைத் தள்ளிக்கொண்டு போகும். தாம்போதியில் தண்ணீர் குறுக்கே ஓடுகிறது என்றால் திரும்பிவிடுங்கள். முன்னால் ஒரு லொறி போய்விட்டது என்பது காரணமாகாது. செங்கலடி, மகாஓயா வழி சுற்று என்றாலும் அதையும் விசாரித்து வையுங்கள்.

குடும்பிமலையைத் தள்ளிவைக்கச் சொன்னதும் இதனால்தான். கிரான், புலிபாய்ந்தகல் பாதை மாரி தோறும் தண்ணீருக்குள் போகிறது, படுவான்கரை மக்களே படகுக்குக் காத்து நிற்பார்கள். காலையில் போய்விட்டு மாலையில் திரும்ப முடியாமல் நிற்பீர்கள். குடும்பிகல வேறு கதை (பெயர் ஒத்துப்போவதால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம்). அது பாணமையிலிருந்து உகந்தைக்குப் போகும் கிறவல் பாதையில் இருக்கிறது. மாரியில் அந்தப் பாதை சேறு. சுற்றிவரக் காடு, யானை மட்டுமல்ல கரடியும் உண்டு. மழைக்குக் கரடியும் குகைக்குள்தான் ஒதுங்கும். தவிர, அது பிக்குமார் தியானத்தில் இருக்கும் ஆச்சிரமம், 14 பேர் சத்தத்தோடு போகும் இடமல்ல. ஆடிவேல் காலத்தில் உகந்தை முருகனைக் கும்பிடப் போகும்போது அமைதியாகப் பார்த்துவிட்டு வரலாம்.

ராஜகல அம்பாறை, மகாஓயா வீதியை அண்டியிருக்கிறது. ஏறும் பாதை காட்டுக்குள்ளால் போனாலும் தெளிவானது. தொல்பொருள் திணைக்களத்தின் இடம் என்பதால் கல்வெட்டிலும் ஓவியத்திலும் கை வைக்கக் கூடாது. மழைத்துளியோடு போய் சுவரில் சாய்வதும் சேதம்தான். காலை 7 மணிக்கு அடிவாரத்தில் நில்லுங்கள். பிற்பகல் 3 மணிக்கு எல்லாரும் கீழே இருக்க வேண்டும், அந்தி யானைக்குரிய நேரம். 14 பேரை ஒரே வரிசையில் விடாமல் ஏழு ஏழாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் பாதை தெரிந்தவர் ஒருவர், பின்னால் நிதானமானவர் ஒருவர். பாறை இடுக்குகளில் மலைத்தேனீக் கூடு உண்டா என்று வாசலிலேயே நிமிர்ந்து பாருங்கள். சென்ற் பூச வேண்டாம், புகையும் வேண்டாம்.

புறப்படுவதற்கு முந்திய நாள் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிவித்தலில் கிழக்கு மாகாணத்துக்கு 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை என்று இருந்தால் பயணத்தை நிறுத்துங்கள். 50க்கு மேல் என்றால் தம்புள்ளை. அங்கே ஐந்து குகைகளும் தாழ்வாரம் கட்டி மூடியவை, மழைநாளுக்கு அதைவிட ஒழுங்கான குகை இல்லை. வெறுங்காலோடு நடக்கும் வெளிப்பாறை மட்டும் வழுக்கும். ஆனால் போகும் வழியில் உள்ள மன்னம்பிட்டியில் வெள்ளம் ஏறினால் அந்த வீதியும் மூடப்படும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லப் பக்கம் போவதென்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். மஞ்சள் நிறமே உங்களுக்குப் போதும், செம்மஞ்சளுக்குக் காத்திருக்காதீர்கள்.

வவுல்பனை போன்ற இடங்களுக்கு ஆசை இருந்தால் ஒரு கணக்கு. நமக்குக் கச்சான் காற்று வீசி மண் வெடிக்கும் ஆனி, ஆடியில் இரத்தினபுரிப் பக்கம் தென்மேல் பருவமழை கொட்டும். நமது வெயிலை நம்பி அங்கே போனால் மாட்டிக்கொள்வீர்கள். தை கடைசி, மாசியில் அங்கே மழை குறைவு, ஓடைக் குகைக்கு அதுதான் காலம்.

கொண்டுபோகும் சாமான் அதிகமில்லை. ஆளுக்கு நாடிப்பட்டி உள்ள தலைக்கவசம், நெற்றியில் கட்டும் டோர்ச் ஒன்று, மாற்று டோர்ச் ஒன்று. கைத்தொலைபேசி வெளிச்சம் கணக்கில் சேராது. அடிப்பாகம் பிடிப்புள்ள சப்பாத்து. ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம். ஜீன்ஸ் நனைந்தால் கனத்துக் காலைக் கட்டும், மெல்லிய பொலியெஸ்டர் களிசான் நல்லது. முடிச்சுப் போட்ட பொலித்தீன் பையில் ஒரு காய்ந்த மேற்சட்டை. வயலும் சேறும் மிதித்துப் போவதால் எலிக்காய்ச்சலுக்கு இடமுண்டு. காலில் புண் உள்ளவர் மூடிக் கட்டட்டும். போய் வந்து இரண்டு கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால் வைத்தியரிடம் "வெள்ளத் தண்ணீரில் நடந்தேன்" என்று தாமாகவே சொல்ல வேண்டும்.

கடைசியாக, வீட்டில் ஒருவரிடம் எந்த இடம், எந்த வழி, எத்தனை பேர், எத்தனை மணிக்குக் கீழே இறங்குவீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். 5 மணிக்கும் அழைப்பு வராவிட்டால் அவர் 117க்கு, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு, அழைக்க வேண்டும். காயம் என்றால் நீங்கள் அழைப்பது 1990, அம்புலன்ஸ் சேவை. மலையடியில் சிக்னல் விட்டு விட்டு வரும். அதனால் ஏறுவதற்கு முன்பே எங்கே நின்றால் கிடைக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.