கல்ஷி, பாலிமார்க்கெட் எல்லாம் அமெரிக்காவுல லீகலா? கேள்வி பதில்

கல்ஷி, பாலிமார்க்கெட் ரெண்டும், ஒரு விஷயம் நடக்குமா நடக்காதான்னு பணம் போட்டு ட்ரேட் பண்ற ஆன்லைன் சந்தைங்க. ரெண்டு நாளா ஆளாளுக்கு இதையேதான் கேக்கறீங்க, ஒரே இடத்துல பதில் போட்டுடறேன். ஃப்யூச்சர்ஸ் (பின்னாடி ஒரு தேதிக்கு இப்பவே விலை பேசற ஒப்பந்தம்) புரோக்கரேஜ்ல, சட்டவிதிப்படி நடக்குதான்னு பாக்கற கம்ப்ளையன்ஸ் வேலை பாக்கறேன், வக்கீல் இல்ல, அத மனசுல வெச்சுக்கிட்டு படிங்க.

கேள்வி (டல்லாஸ்காரன்): அண்ணா, டெக்சாஸ்ல ஆன்லைன் ஸ்போர்ட்ஸ் பெட்டிங்கே கிடையாது. ஆனா கல்ஷில எங்க ஊரு ஃபுட்பால் டீம் கவ்பாய்ஸ் மேட்சுக்கு பணம் போட முடியுதே, அது எப்படி?

பதில்: பெட்டுனு சொன்னா தடை, காண்ட்ராக்ட்னு சொன்னா ஓகே, அவ்ளோதான் சூட்சுமம் தம்பி. கவ்பாய்ஸ் ஜெயிக்குமான்னு கேட்டு யெஸ் 63 சென்ட், நோ 38 சென்ட்னு ஸ்கிரீன்ல காட்டும். 63 சென்ட் குடுத்து யெஸ் வாங்கறீங்க, ஜெயிச்சா 1 டாலர், தோத்தா மொத்தமும் போச்சு. எதிர்ப்பக்கம் இருக்கறது நாங்க இல்ல, இன்னொரு ட்ரேடர்தான்னு கம்பெனி சொல்லுது. இது ஸ்வாப்னு (ஒரு நிகழ்வு எப்படி முடியுதுங்கறதைப் பொறுத்து பணம் கைமாறுற நிதி ஒப்பந்தம்) எடுத்துக்கிட்டா 1936 கமாடிட்டி எக்ஸ்சேஞ்ச் சட்டத்துக்குள்ள வரும், அதிகாரம் இந்த மாதிரி ஒப்பந்த சந்தைகளைக் கண்காணிக்கற மத்திய அமைப்பான சிஎஃப்டிசிக்கு மட்டும்தான், மாநிலம் குறுக்க வர முடியாது. பந்தயம்னு எடுத்துக்கிட்டா ஒவ்வொரு மாநிலத்துலயும் லைசென்ஸ் வாங்கணும், வரி கட்டணும், பல இடத்துல 21 வயசு கேப்பாங்க. கல்ஷில 18 போதும். மாநிலங்களுக்கு எரியறது எங்கன்னு புரியுதா?

கேள்வி (ஜெர்சி சிட்டி அக்கா): கோர்ட் என்னதான் சொல்லுது?

பதில்: ஆளுக்கு ஒண்ணு சொல்லுதுக்கா. 2025 மார்ச்ல நெவாடாவுல சூதாட்டத்தைக் கண்காணிக்கற கேமிங் போர்டு கல்ஷிக்கு கடையை மூடுன்னு நோட்டீஸ் அனுப்புச்சு, கல்ஷி ஃபெடரல் (மத்திய) கோர்ட்டுக்குப் போய் போர்டு நடவடிக்கைக்கு ஏப்ரல்ல தடை வாங்கிடுச்சு, அதே மாசம் உங்க நியூஜெர்சிலயும் ஜெயிச்சுது. ஆகஸ்ட்ல மேரிலாண்ட் ஜட்ஜ் அந்த மாதிரி தடை தர முடியாதுன்னுட்டார். அதவிட கூத்து, நவம்பர்ல நெவாடாவுல அதே ஜட்ஜ் தான் குடுத்த தடையை தானே எடுத்துட்டார், ஏன்னா நடுவுல ஸ்போர்ட்ஸ் காண்ட்ராக்ட் மழை மாதிரி கொட்ட ஆரம்பிச்சு, இதெல்லாம் ஸ்வாப்பான்னு அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு. மாசசூசெட்ஸ் இன்னும் உஷார், நேரா மாநில கோர்ட்லயே கேஸ் போட்டு 2026 ஜனவரில ஸ்போர்ட்ஸ் காண்ட்ராக்டுக்கு எதிரா உத்தரவு வாங்குச்சு. இது சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போகாம ஓயாதுன்றது என் கணிப்பு. சுப்ரீம் கோர்ட் 2018ல ஸ்போர்ட்ஸ் பெட்டிங் முடிவை மாநிலங்க கையில குடுத்துச்சே, அத நம்பித்தான் இத்தனை மாநிலமும் லைசென்ஸ் சிஸ்டமே கட்டுச்சு, அதனால அவங்க வாதத்தையும் ஒரேயடியா தள்ளிவிட முடியல.

கேள்வி: அப்ப எதுல வேணா காண்ட்ராக்ட் போடலாமா? தேர்தல், போர்?

பதில்: இல்ல. டாட்-ஃபிராங்க்னு 2010ல வந்த நிதித்துறை சட்டத்துல தீவிரவாதம், கொலை, போர், சூதாட்டம் இதுல எல்லாம் பொதுநலனுக்கு எதிரா இருந்தா சிஎஃப்டிசி தடுக்கலாம்னு இருக்கு. தேர்தலையும் அதுல சேக்கப் பாத்தாங்க, 2024 செப்டம்பர்ல வாஷிங்டன் டிசி கோர்ட் ஒத்துக்கல, 2025 மே மாசம் சிஎஃப்டிசியே அப்பீலை வாபஸ் வாங்கிடுச்சு. ஆனா ஒண்ணு, வெங்காயத்துல ஃப்யூச்சர்ஸ் போடக்கூடாது, 1958லேர்ந்து தனி சட்டமே இருக்கு, சிரிக்காதீங்க, நிஜம்.

கேள்வி: பாலிமார்க்கெட்ல விபிஎன் போட்டு ட்ரேட் பண்றேன் ப்ரோ, ஓகேவா?

பதில்: ஓகே இல்ல. ரெஜிஸ்டர் பண்ணாம நடத்துனதுக்கு 2022ல 14 லட்சம் டாலர் ஃபைன் கட்டி, அமெரிக்க ஆளுங்களை வெளிய அனுப்புன கம்பெனி அது. 2025ல லைசென்ஸ் இருக்கற ஒரு எக்ஸ்சேஞ்சை வாங்கி முறையா திரும்பி வந்தாங்க, அந்த வழியா போங்க. விபிஎன்ல போய் அக்கவுன்ட் முடங்கிடுச்சுன்னா யார்கிட்ட போய் அழுவீங்க?

கேள்வி (சியாட்டில்): என்னையே கேஸ்ல இழுப்பாங்களா?

பதில்: இதுவரைக்கும் மாநிலங்க குறி வெச்சதெல்லாம் கம்பெனிகளைத்தான். உங்களுக்கு உள்ள நிஜமான ரிஸ்க், திடீர்னு உங்க மாநிலத்துல மார்க்கெட்டை மூடிட்டா கையில இருக்கற பொசிஷன் (வாங்கி இன்னும் முடியாத காண்ட்ராக்ட்) என்னாகும்ன்றதுதான். ஆனா நீங்க வாஷிங்டன் மாநிலம்ன்றதால சொல்றேன், அங்க 2006 இணைய சூதாட்ட சட்டம் ரொம்ப கடுமை, ஆடறவரையே பிடிக்கற அளவுக்கு அதோட வாசகம் அகலமா இருக்கு. பெரிய தொகை போடறதா இருந்தா ஒரு வக்கீலைப் பாத்துடுங்க.

கேள்வி: டேக்ஸ்?

பதில்: வருமானத்தைக் காட்டியே ஆகணும், அதுல பேச்சே இல்ல. எந்தக் கணக்குலன்னுதான் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் இன்னும் தெளிவா சொல்லல. சூதாட்டம்னு வெச்சா 2026லேர்ந்து நஷ்டத்துல 90 சதவீதம்தான் கழிக்க முடியும், அதுவும் ஜெயிச்ச பணத்து அளவுக்குத்தான். ஒவ்வொரு ட்ரேடையும் டவுன்லோட் பண்ணி வெச்சுக்கிட்டு சிபிஏகிட்ட (ஆடிட்டர்) போங்க.

கேள்வி (சென்னை): என் மச்சான் அங்க இருக்கான், அவன் அக்கவுன்ட்ல நான் இங்கேர்ந்து ட்ரேட் பண்ணலாமா சார்?

பதில்: வேணவே வேணாம் சார். அவர் அக்கவுன்டை நீங்க ஓட்டறதே அங்க ரூல் மீறல். இந்தியாவுல 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் கேமிங் சட்டம் வந்ததும், இதே மாதிரி நடத்துன இந்திய ஆப் ப்ரோபோவே பணம் வெச்சு ஆடறத நிறுத்திடுச்சு. தமிழ்நாட்டு 2022 சட்டத்துல ஆன்லைன் சூதாட்டம் ஆடறவருக்கே 3 மாசம் வரைக்கும் ஜெயில் இருக்கு. மச்சானுக்கும் சேத்து வம்பு.

கேள்வி: எங்க கம்பெனி ப்ராடக்ட் லாஞ்ச் தேதி எனக்குத் தெரியும், அதுக்கு ஒரு மார்க்கெட் ஓடுது...

பதில்: தொடாதீங்க. கம்பெனி ரகசியத்தை வெச்சு ட்ரேட் பண்ணா சிஎஃப்டிசியோட மோசடி ரூல் இங்கயும் பாயும், அதுக்கு முன்னாடியே உங்க ஹெச்ஆர் பாஞ்சிடும்.